கம்பிவேலிக்கு இந்தப் பக்கம் சொன்ன கதை

சித்தூரிலிருந்து புத்தலப்பட்டுக்குப் போகிற ரோட்டில், ஊர் முடிந்து கொஞ்ச தூரம் போனால் அப்போது ஒரு பெருவியாதி ஆஸ்பத்திரி இருந்தது. தொழுநோயைத் தெலுங்கில் 'பெத்த ரோகம்' என்பார்கள். அந்தப் பெயரைச் சொல்லும்போதே குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். ஆஸ்பத்திரிக்கு அடுத்து ஒரு கேழ்வரகுக் கொல்லை. கொல்லைக்கு இந்தப் பக்கம், ஓடு போட்ட நீளமான ஒரு வீடு. அங்கே நோயாளிகளின் பிள்ளைகளை வைத்து வளர்த்தார்கள். பிள்ளைகளுக்கு நோய் கிடையாது. தாயின் பாயில் படுத்து, தாயின் தட்டில் சாப்பிட்டு வளர்ந்தால் வந்துவிடும் என்று, தாயை ஆஸ்பத்திரியில் சேர்க்கிற அன்றைக்கே பிள்ளையைப் பிரித்து இங்கே கொண்டுவந்து விடுவார்கள்.

ட்ரெயினிங் முடித்த கையோடு நான் அங்கே டீச்சராகப் போனேன். என் நைனா ஒரு கிராமத்துச் சபையில் உபதேசியார். அவர் போகச் சொன்னார். அம்மா வேண்டாம் என்றாள். கடைசியில் இரண்டு பேரும் ஒரு உடன்பாட்டுக்கு வந்தார்கள். லீவுக்கு வீட்டுக்கு வந்தால் முதலில் கிணற்றடியில் குளித்து, வேறு சேலை கட்டிக்கொண்டு, அதற்குப் பிறகுதான் உள்ளே நுழைய வேண்டும். நானும் சரி என்றேன். பிள்ளைகளுக்கு நோயில்லை என்று அம்மாவுக்கு எத்தனை தடவை சொன்னாலும், "இருக்கட்டுமே, தண்ணி ஊத்திக்கினா என்ன குறைஞ்சிடப் போவுது" என்பாள்.

வாரநாட்களில் தமிழும் தெலுங்கும் கணக்கும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வேதக் கதை. சுவரில் மாட்டுகிற பெரிய படச்சுருள் ஒன்று கப்பலில் வந்திருந்தது. ஒவ்வொரு கதைக்கும் ஒரு தாளைப் புரட்டினால் வண்ணப்படம் வரும். அந்த வருஷம் எனக்குக் கொடுத்திருந்த பாடங்கள் எல்லாம் விடுதலையைப் பற்றியவை. வெள்ளத்திலிருந்து ஒரு குடும்பத்தைக் காப்பாற்றிய பேழை, சிங்கங்களின் குழியில் போடப்பட்டும் கடிபடாமல் வெளியே வந்த மனுஷன், அடிமைகளாக இருந்த ஒரு ஜனம் சமுத்திரத்தைக் கடந்து போனது. இவற்றைச் சொல்லி, கடவுள் கைவிட மாட்டார் என்ற நம்பிக்கையைப் பிள்ளைகள் மனதில் விதைக்க வேண்டும் என்று பாடக் குறிப்பில் இருந்தது.

பிள்ளைகள் கதையை அப்படிக் கேட்கவில்லை. பேழைக்குள் இருந்த மாட்டுக்கு யார் வைக்கோல் போட்டது என்று கேட்டார்கள். சிங்கத்துக்கு அன்றைக்குப் பசி இல்லையோ என்று கேட்டார்கள். நானும் தெரிந்த மட்டும் பதில் சொல்லுவேன். சிரித்துக்கொண்டே வகுப்பு முடியும்.

அந்தப் பிள்ளைகளில் நகரியிலிருந்து வந்த ஒரு பெண் இருந்தாள். ஏழு வயதிருக்கும். அவளுடைய அப்பா கைத்தறி நெய்கிறவர். தாய்க்கு நோய் என்று தெரிந்ததும், இரண்டு பேரையும் ரயில் ஏற்றி, ரேணிகுண்டாவில் வண்டி மாற்றி, சித்தூருக்குக் கூட்டிவந்து ஆஸ்பத்திரி கேட்டில் விட்டுவிட்டுப் போனவர்தான். அதற்கப்புறம் வரவில்லை. அப்போது இந்தப் பெண்ணுக்கு நாலு வயது. நான் போய்ச் சேர்ந்தபோது அவள் மூன்று வருஷமாக அங்கே இருந்தாள். வாயைத் திறந்து எதையும் சுலபத்தில் கேட்க மாட்டாள். கதை சொல்லும்போது மட்டும் முதல் வரிசையில் வந்து உட்காருவாள்.

மாதத்தின் முதல் ஞாயிறு தாய்மாரைப் பார்க்கிற நாள். கொல்லையின் ஓரமாகக் கம்பிவேலி ஒன்று போட்டிருந்தது. தாய்மார் அந்தப் பக்கம் கம்பியிலிருந்து நாலு எட்டு தள்ளி நிற்பார்கள். பிள்ளைகள் இந்தப் பக்கம் அதே போலத் தள்ளி நிற்பார்கள். தொடக் கூடாது. நடுவில் அவ்வளவு இடம் இருந்ததால் எல்லோரும் சத்தம் போட்டுத்தான் பேச வேண்டும். துன்னியா, தூங்கினியா, சட்டை கிழிஞ்சிருக்கே, யார் அடிச்சது, இப்படிப் பத்துப் பதினைந்து பேர் ஒரே நேரத்தில் கத்துவார்கள். தூரத்திலிருந்து கேட்டால் சந்தை மாதிரி இருக்கும். நகரிப் பெண்ணின் அம்மா மெலிந்த, உயரமான மனுஷி. இடது கையில் இரண்டு விரல்கள் மடங்கியிருந்தன. அவர் கத்த மாட்டார். மகளையே பார்த்துக்கொண்டு நிற்பார். மகள்தான் அங்கே வாய் திறப்பாள். அந்த மாதம் கற்ற பாட்டு, வாய்ப்பாடு, சண்டை எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் வேலிக்கு அந்தாண்டை அனுப்புவாள்.

நாணல் பெட்டிக் கதை வந்தது அப்படி ஒரு முதல் ஞாயிற்றுக்கு மறு வாரம். ஆண் குழந்தைகளை எல்லாம் ஆற்றில் போடச் சொல்லி ராஜா கட்டளை போடுகிறான். ஒரு தாய் தன் குழந்தையைச் சில மாதம் ஒளித்து வைக்கிறாள். அதற்கு மேல் முடியாமல், நாணலால் ஒரு பெட்டி பின்னி, தண்ணீர் புகாமல் பூசி, குழந்தையை அதில் படுக்க வைத்து ஆற்றோரத்தில் விடுகிறாள். குழந்தையின் அக்கா தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். ராஜாவின் மகள் குளிக்க வந்து, பெட்டியைக் கண்டு, குழந்தைமேல் இரக்கப்பட்டு எடுத்துக்கொள்கிறாள். இந்தக் கதையை நான் சிறுமியாக இருந்த நாளிலிருந்து கேட்டிருக்கிறேன். குழந்தை பிழைத்துக்கொண்டது, பின்னால் அதுவே தன் ஜனத்தை விடுவித்தது, இதுதான் எனக்குக் கதை.

படத்தைப் புரட்டியதும் வகுப்பில் சத்தம் நின்றுவிட்டது. மாட்டைப் பற்றியும் சிங்கத்தைப் பற்றியும் கேட்டதுபோல் யாரும் கேட்கவில்லை. படத்தில் ராஜகுமாரிதான் நடுவில் பெரிதாக நின்றாள். தாய் படத்திலேயே இல்லை. தாய் எங்கே என்று ஒரு சின்னப் பையன் கேட்டான். வீட்டுக்குப் போய்விட்டாள் என்றேன். அழுதாளா என்று கேட்டான். அழுதிருப்பாள் என்றேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது, நான் யாரிடம் எந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று. அங்கே உட்கார்ந்திருந்த ஒவ்வொரு பிள்ளையையும் ஒரு தாய் தன் கையிலிருந்து விட்டுக்கொடுத்திருந்தாள்.

பின்வரிசையில் ஒரு பெண் இருந்தாள். அவளுடைய தாய் அந்த வருஷக் கோடையில் ஆஸ்பத்திரியிலேயே இறந்துபோயிருந்தாள். அவள் எழுந்து, "மத்த கொழந்தைங்களை எல்லாம் ஆத்துல போட்டுட்டாங்களா டீச்சரம்மா?" என்று கேட்டாள்.

ஆமாம் என்று சொன்னேன்.

"அதுங்களை ஏன் சாமி எடுக்கல?"

ட்ரெயினிங்கில் இதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. நைனா அங்கே இருந்திருந்தால் ஏதாவது வசனம் எடுத்திருப்பார். தெரியவில்லை என்றுதான் சொன்னேன். அந்தக் குழந்தைகளுக்காகவும் கடவுள் அழுதிருப்பார் என்று நான் நம்புகிறேன், அதற்கு மேல் எனக்குத் தெரியாது என்றேன். அவள் உட்கார்ந்தாள். அவளைப் பக்கத்தில் கூப்பிட்டு, மீதிக் கதை முடியும்வரை என் மடியோடு சேர்த்து உட்கார வைத்துக்கொண்டேன்.

மீதிக் கதை இதுதான். குழந்தைக்குப் பால் வேண்டும். தூரத்தில் நின்ற அக்கா ராஜகுமாரியிடம் ஓடிப்போய், பால் கொடுக்க ஒரு பொம்பளையைக் கூட்டிவரட்டுமா என்று கேட்கிறாள். கூட்டிவா என்கிறாள் ராஜகுமாரி. அக்கா போய்க் குழந்தையின் சொந்தத் தாயையே கூட்டிவருகிறாள். சம்பளம் தருகிறேன், வளர்த்துக் கொடு என்று ராஜகுமாரி குழந்தையை அந்தத் தாயின் கையிலேயே கொடுக்கிறாள். இதைச் சொன்னபோது நகரிப் பெண் வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பவும் சொல்லச் சொன்னாள். அந்தப் பகுதியை மட்டும் இன்னொரு தடவை சொன்னேன்.

அந்த வாரமே ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டரம்மா பிள்ளைகளைப் பார்க்க வந்தார். கடல் தாண்டி வந்தவர். முதலில் தெலுங்கு கற்று, பிறகு தமிழ் கற்றதால் இரண்டும் கலந்து பேசுவார். பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்து, முதுகைத் திருப்பி, தோலில் ஏதாவது வெளுத்த தேமல் இருக்கிறதா என்று பார்ப்பார். நகரிப் பெண்ணின் முறை வந்தது. பார்த்து முடித்துச் சட்டையைப் போட்டுக்கொள்ளச் சொன்னார். அவள் நகரவில்லை.

"டாக்டரம்மா, எங்களை எல்லாம் குளிப்பாட்டித் தலை வார ஒரு பொம்பளையைக் கூட்டிக்கினு வரட்டுமா?" என்றாள்.

இங்கே வேலைக்கு ஆள் குறைவாக இருக்கிறதா என்று டாக்டரம்மா என்னைக் கேட்டார். போன ஞாயிறு சொன்ன கதையை அவரிடம் இங்கிலீஷில் சொன்னேன். அவர் நாற்காலியை விட்டு இறங்கிக் குந்தி, அந்தப் பெண்ணின் முகத்துக்கு நேராகத் தன் முகத்தை வைத்துக்கொண்டார். உங்கள் அம்மாவுக்கு இன்னும் மருந்து முடியவில்லை, நோய் போகாமல் கூட்டிவந்தால் உனக்கும் வரும், இவர்களுக்கும் வரும், அதனால் இப்போது முடியாது என்று நிதானமாகச் சொன்னார். மருந்து முடிந்த பிறகு என்று அவள் கேட்டாள். முடிந்த பிறகு பார்க்கலாம் என்றார்.

பெரியவர்கள் பேச்சை முடிப்பதற்குச் சொல்கிற சொல் அது. அவள் அதை வாக்காக எடுத்துக்கொண்டாள். அடுத்த முதல் ஞாயிறு வேலிக்கு அப்பால் நின்ற தாயிடம், மருந்து முடிந்ததும் இங்கே வேலை, டாக்டரம்மா சொல்லிவிட்டார் என்று கத்தினாள். அந்த அம்மாள் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டவும் முடியாமல், மறுக்கவும் முடியாமல் நின்றேன்.

அந்த நாளில் நீரடிமுத்து எண்ணெயை ஊசியில் ஏற்றிப் போடுவதுதான் வைத்தியம். வாராவாரம் போட வேண்டும். போட்ட இடம் வீங்கி வலிக்கும், காய்ச்சல் வரும். பலர் பாதியில் ஓடிப்போவார்கள். அந்த நகரிக்காரம்மா ஒரு வாரம்கூட விடாமல் போட்டுக்கொண்டதாக டாக்டரம்மா பிறகு என்னிடம் சொன்னார். காது மடலில் கீறி எடுத்துக் கண்ணாடித் தகட்டில் வைத்து, கிருமி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஒரு தடவை கிருமி இல்லை என்று வந்து, மறு தடவை இருக்கிறது என்று வந்தது. அந்த மாதமும் வேலிக்கு வந்து நின்று மகள் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டார். இரண்டு வருஷம் போல் ஆன பிறகு, தொடர்ந்து பல மாதங்கள் பார்த்தும் கிருமி இல்லை என்று வந்தது. வீட்டுக்குப் போகலாம் என்றார்கள்.

போவதற்கு வீடு இல்லை. நகரிக்கு ஆள் அனுப்பிப் பார்த்ததில், அந்த மனுஷன் வேறு கல்யாணம் செய்துகொண்டிருந்தார். கெட்ட வார்த்தை ஒன்றும் பேசவில்லையாம். தறிமேல் இருந்த கையை எடுக்காமலே, இங்கே இடமில்லை என்று மட்டும் சொன்னாராம். ஆஸ்பத்திரியில் குணமானவர்களை வைத்துக்கொள்ளவும் வழி இல்லை. படுக்கை கேட்டு வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள்.

டாக்டரம்மா எங்களைக் கூப்பிட்டுப் பேசினார். சின்னப் பிள்ளைகளைக் குளிப்பாட்டித் தலைவார ஒரு ஆள் வைக்கலாம் என்றிருக்கிறேன் என்றார். எங்களுக்குச் சமையல் செய்கிற அம்மாள் உடனே, அந்த நகரிக்காரி வந்தால் நான் போய்விடுவேன் என்றார். அவர் பொல்லாதவர் இல்லை. அத்தனை வருஷம் அந்தப் பிள்ளைகளுக்கு வடித்துக் கொட்டினவர்தான். அவர் வீட்டில் கல்யாணத்துக்குப் பெண் இருந்தாள். பயம் யாரை விட்டது? எனக்கும் இருந்தது. ஆனாலும் கண்ணாடியில் பார்த்து இல்லை என்று வந்த பிறகு நாமே நம்பாவிட்டால், ஊசி போட்டுக்கொள்ள வேறு யார் வருவார்கள் என்று கேட்டேன். சமையற்கட்டுக்குள் அந்த அம்மாள் வரக் கூடாது என்ற பேச்சோடு சமையலம்மா ஒத்துக்கொண்டார்.

நகரிக்காரம்மா வந்த காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கேழ்வரகு அறுத்து முடிந்து கொல்லை வெறும் அடித்தாளாக நின்றது. வேலியைச் சுற்றிக்கொண்டு, ரோட்டுப் பக்கமாக, டாக்டரம்மாவோடு நடந்து வந்தார். வெளுத்த சேலை. இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தார். பிள்ளைகள் கிணற்றடியில் கூடி நின்றார்கள். அவர் அவர்களிடமிருந்து நாலு எட்டு தள்ளியே நின்றுவிட்டார். அவரைத் தடுக்க இப்போது வேலி இல்லை. ஆனால் அவரால் அதற்கு மேல் வர முடியவில்லை. யாரையும் தொடாதே, தொடாதே என்று கேட்டுக்கேட்டு இத்தனை வருஷம் இருந்தவர். டாக்டரம்மா அவருடைய இரண்டு கைகளையும் பிடித்து முன்னால் கொண்டுவந்து, பக்கத்தில் நின்ற மூன்று வயதுப் பையனின் தலைமேல் வைத்தார். பையன் அண்ணாந்து பார்த்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனான். அந்த அம்மாளின் கை மட்டும் அப்படியே காற்றில் நின்றது.

நகரிப் பெண்ணைத் தேடினேன். அவள் கிணற்றடியில் இல்லை. வகுப்பறையில், கரும்பலகைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். அம்மா வந்துவிட்டார், வா என்றேன். வரவில்லை.

"அது எங்கம்மா இல்ல டீச்சரம்மா. எங்கம்மா வேலிக்கு அந்தாண்ட இருக்கும்."

அவளுக்கு அப்போது பத்து வயது நெருங்கிவிட்டது. தெரியாமல் பேசவில்லை. தூரத்தில் நின்று கத்திப் பேசியே ஐந்தாறு வருஷம் பழகின ஒருத்தியை, பக்கத்தில், மூச்சுச் சத்தம் கேட்கிற இடத்தில் எப்படி வைத்துக்கொள்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. நானும் கட்டாயப்படுத்தவில்லை. அம்மாளிடம் போய் என்ன சொல்வது என்று நான் தயங்கியபோது, அவரே, "அவசரம் இல்லம்மா. அதுவா வரட்டும்" என்றார்.

அது உடனே வரவில்லை. அவர் கிணற்றடியில் இருந்தால் இவள் தோட்டத்தில் இருப்பாள். சாப்பாட்டுக்கு இவள் உட்கார்ந்த வரிசைக்கு எதிர் வரிசையில் அவர் பரிமாறாமல் தண்ணீர் மட்டும் ஊற்றுவார். இவள் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து போவாள். எனக்குத்தான் பொறுக்கவில்லை. ஞாயிறு பாடத்தில் கடவுள் கொண்டுவந்து சேர்த்தார் என்று சொல்லி நிறுத்திவிடுகிறோமே, சேர்ந்த பிறகு எத்தனை நாள் ஆகும் என்று யாராவது சொல்லியிருக்கக் கூடாதா என்று நினைத்துக்கொள்வேன்.

சனிக்கிழமை எண்ணெய்க் குளியல். தாய் இறந்துபோன அந்தப் பெண்தான் முதலில் துணிந்து நகரிக்காரம்மா முன்னால் போய்த் தலையை விரித்துப்போட்டு உட்கார்ந்தாள். அவர் நிதானமாக எண்ணெய் தேய்த்து, சிக்கெடுத்து, இரட்டைப் பின்னல் போட ஆரம்பித்தார். வேலையைச் செய்துகொண்டே நகரிப் பாட்டு ஏதோ ஒன்றை வாய்க்குள் முணுமுணுத்தார். தோட்டத்தில் கீரை பறித்துக்கொண்டிருந்த நகரிப் பெண் அதைக் கேட்டு நின்றாள். கையிலிருந்த கீரையைக் கீழே போட்டுவிட்டு நேராக வந்தாள்.

"எழுந்துரு. அது எங்கம்மா" என்று மற்றவளைப் பார்த்துச் சொன்னாள்.

நான் வகுப்பறை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். அந்த அம்மாள் இத்தனை வருஷம் காத்திருந்த வார்த்தை. ஆனாலும் அவர் கையிலிருந்த பின்னலை விடவில்லை. "இவளுக்கு முடிச்சிட்றேன். நீ பக்கத்துல குந்து கண்ணு" என்றார். இவள் குந்தினாள். முதல் பெண்ணின் இரண்டு பின்னலும் முடிகிறவரை உதட்டைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

பிறகு அவள் முறை. விரல்களில் உணர்ச்சி குறைவானதால் சிக்கு எங்கே இருக்கிறது என்று அந்த அம்மாளுக்குத் தெரியவில்லை. வெடுக்கென்று இழுத்துவிட்டார். வலிக்கிறது என்று இவள் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

"என் விரலுக்குத் தெரியல கண்ணு. நீ சொல்லிக்கினே இரு, நான் பாத்துப் பாத்து எடுக்கறேன்."

இங்க இருக்குது, இன்னும் மேலே, இல்லை கீழே என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். வெகு நேரம் ஆயிற்று. நான் உள்ளே போய் ஒரு மூலையில் உட்கார்ந்து நன்றாக அழுதேன்.

அதன் பிறகு ஞாயிறு வகுப்புக்கு நகரிக்காரம்மாவும் வருவார். பின்னால், சுவரோரம், மடியில் ஏதாவது ஒரு குழந்தையைப் போட்டுக்கொண்டு உட்காருவார். அவர் ஞானஸ்நானம் எடுக்கவில்லை. கழுத்தில் ஊர்க் கோயில் கயிறு கடைசிவரை இருந்தது. யாரும் அதைப் பற்றி அவரைத் தொந்தரவு செய்ய டாக்டரம்மா விடவில்லை. கதை மட்டும் விரும்பிக் கேட்பார். புதுப் பிள்ளைகளுக்காக நாணல் பெட்டிக் கதையை மறுபடி சொன்ன அன்று, எல்லோரும் போன பிறகு என்னிடம் வந்தார். அந்தத் தாய் குழந்தையை எத்தனை நாள் வளர்த்தாள் என்று கேட்டார். வேதத்தில் எழுதவில்லை, வளர்ந்ததும் அரண்மனையில் கொண்டுபோய் விட்டாள் என்றேன்.

"வுட்டுட்டுத் திரும்பி நடந்து வந்தாளே, அந்த வழியைப் பத்தி ஒண்ணும் சொல்லலியா?"

இல்லை என்றேன். அவர் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சுருளைச் சுற்றுவதற்கு எனக்கு ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொடுத்தார். அன்றிலிருந்து அந்தக் கதையைச் சொல்லும்போது தாயிடமிருந்துதான் தொடங்குகிறேன். மற்ற குழந்தைகளைப் பற்றிய கேள்வி வந்தால் மழுப்புவதில்லை. தெரியாது என்று சொல்லிவிட்டு, கேட்ட பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்கிறேன்.

சமையலம்மாவின் மகளுக்குக் கல்யாணம் ஆன பிறகு அவர் மனசும் இளகிவிட்டது. ஒரு நாள் காய்ச்சலில் படுத்தபோது, அரிசி களைய நகரிக்காரம்மாவை அவரே கூப்பிட்டார். வீட்டில் அம்மா மட்டும் மாறவில்லை. லீவுக்குப் போனால் கிணற்றடியில் வாளியும் கயிறும் தயாராக இருக்கும்.

இரண்டாவது உலக யுத்தம் தொடங்கிய பிறகு எனக்குக் கல்யாணமாகி நான் சித்தூர் டவுனுக்கே வந்துவிட்டேன். நகரிப் பெண் படித்து நர்ஸ் ட்ரெயினிங் முடித்தாள். திருப்பதியில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. அம்மாவையும், தாயில்லாத அந்த மற்றப் பெண்ணையும் கூடவே கூட்டிக்கொண்டு போனாள். வீடு தேடும்போது தாயின் பழைய நோயை ஒளிக்காமல் சொல்லித்தான் கேட்டார்களாம். பல வீட்டில் கதவைச் சாத்திவிட்டார்கள். ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த ஒரு ரெட்டியார் வீட்டம்மாள், யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லி, மறு நாள் சாவியைக் கொடுத்தாராம்.

ஒரு தடவை திருப்பதிக்குப் போனபோது அவர்கள் வீட்டில் சாப்பிட்டேன். ஒரே அறை, ஒரு சின்ன அடுக்களை. சமைத்தது நகரிக்காரம்மா. கத்தரிக்காய்க் குழம்பும் முருங்கைக்கீரையும். நர்ஸ் பெண் டூட்டியிலிருந்து வந்து வெள்ளைச் சேலையோடேயே உட்கார்ந்து சாப்பிட்டாள். மற்றவள் டீச்சர் ட்ரெயினிங் ஸ்கூலில் சேர்ந்திருந்தாள். எந்தக் கதையை எந்த வகுப்புக்குச் சொல்லலாம் என்று என்னைக் கேட்டுக்கொண்டேயிருந்தாள். சாயங்காலம் நான் ஊர் திரும்ப வேண்டிய பாக்கலா வண்டிக்கு மூன்று பேரும் ஸ்டேஷன்வரை வந்தார்கள். வழியெல்லாம் அம்மாவும் மகளும் குழம்பில் உப்பு கூடவா குறையவா என்று சண்டை போட்டுக்கொண்டே வந்தார்கள். வண்டி நகர்ந்த பிறகும் நிறுத்தவில்லை. பிளாட்பாரத்தில் இரண்டு பேரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு பேசியபடியே நின்றார்கள். மற்றவள்தான் எனக்குக் கை ஆட்டினாள்.